பச்சோந்தி நாக்கை நீட்டத் தயங்குகிறது: விளக்கா, வைட்டமினா?

குமரன்_ஸ்காபரோ

வணக்கம் எல்லாருக்கும். என்னிடம் ஒரு ஆண் ஏமன் பச்சோந்தி இருக்கிறார். கடைகளில் வெய்ல்டு என்று விற்பார்களே, அது. பெயர் முருகேசு. வயது இரண்டை நெருங்குகிறது. நிறமும் கிளையைப் பிடிக்கும் பிடியும் வடிவாகத்தான் இருக்கின்றன. சாப்பாட்டில்தான் சிக்கல்.

கிரிக்கெட் பூச்சியைக் கண்டால் இரண்டு கண்ணையும் அதன்மேல் குவிக்கிறார், வாயைத் திறக்கிறார், நாக்கின் தடித்த நுனி உதடு வரைக்கும் வருகிறது. அவ்வளவுதான். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். சில வேளை அடித்தாலும் ஒரு விரல் நீளத்துக்கு மேல் போகவில்லை. நேற்றுப் பின்னேரம் நாக்கு பூச்சியில் சரியாகப் பட்டது, ஆனால் ஒட்டவில்லை. பூச்சி தன் பாட்டுக்கு வலையில் ஏறிப் போனது, இவர் வாயோரத்தில் எச்சில் இழை ஒன்று தொங்கியது.

இன்னொன்றும் இருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு வலது கண் பாதி மூடித்தான் கிடக்கிறது. அந்தக் கண்ணைக் கிளையில் தேய்க்கிறார். வாங்கிய கடையில் கேட்டேன், தோல் உரிக்கப் போகிறது, தானாகச் சரிவரும் என்றார்கள். எனக்கு அது நம்பும்படி இல்லை. யாருக்காவது இப்படி நடந்ததா?

ரவி_டெக்சஸ்

தம்பி, முதல் வேலை: வாயைத் திறந்து பார்க்கிறேன் என்று நீங்களாகத் தாடையில் கை வைக்காதீர்கள். கால்சியம் குறைந்த பச்சோந்திக்கு அந்தத் தாடை அப்படியே ஒடியும்.

அப்புறம் இதையெல்லாம் எழுதுங்கள். யுவிபி (புறஊதாக் கதிர்) விளக்கு எந்த வகை, எப்போது மாட்டியது? வெயில் காயும் கிளையில் வெப்பம் எவ்வளவு, இரவில் எவ்வளவு? பூச்சிக்கு நீங்கள் என்ன தீனி போடுகிறீர்கள்? எந்தத் தூள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? மல்டிவைட்டமின் டப்பாவின் பின்பக்கத்தில் வைட்டமின் ஏ என்ற வரிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே பார்த்து எழுதுங்கள். கழிவில் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சளா?

குமரன்_ஸ்காபரோ

ஓம் அண்ணா, எழுதுகிறேன்.

நாலு பக்கமும் வலைக்கூண்டு, 60க்கு 60, உயரம் 120 செ.மீ. விளக்கு டி5 குழல், 6 சதவீத யுவிபி. போன வருடக் குளிர்காலத்துக்கு முன்னமே மாட்டியது, இன்னும் நல்ல வெளிச்சம்தான். காயும் கிளையில் 30 டிகிரி. இரவில் 17, 18. தீனி பெரும்பாலும் கிரிக்கெட், இடைக்கிடை சூப்பர்வார்ம் புழு. கிரிக்கெட்டுக்கு கரட்டும் ஓட்ஸும். வைட்டமின் டி3 இல்லாத கால்சியம் தூள் ஒவ்வொரு வேளையும். மல்டிவைட்டமின் மாதம் இரண்டு தடவை. டப்பாவில் "வைட்டமின் ஏ (பீட்டா கரோட்டினாக)" என்று இருக்கிறது. கழிவின் வெள்ளைப் பகுதியில் ஓரம் ஆரஞ்சு. தண்ணீர் காலையும் மாலையும் தெளிக்கிறேன்.

ரவி_டெக்சஸ்

விளக்கும் அந்த அடைப்புக்குறியும்தான் என் கண்ணில் பட்டன. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வேறு, யுவிபி வேறு. குழல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் மாதம் மாதமாக இறங்கிக்கொண்டே வரும். நான் வருடத்துக்கு ஒரு குழல் என்று வைத்திருக்கிறேன். சோலார்மீட்டர் 6.5 என்ற யுவி அளக்கும் கருவி கையில் இருந்தால் ஊகமே வேண்டாம், காயும் கிளையில் பிடித்துப் பார்க்க வேண்டியதுதான், யுவி குறியீடு 3 அளவில் இருந்தால் நிம்மதி.

ஆரஞ்சு ஓரம் தண்ணீர் போதவில்லை என்று சொல்கிறது. மிச்சத்தை டாக்டரம்மா வந்து சொல்லட்டும்.

பல்லிடாக்டர்

(ஊர்வன மருத்துவம் பார்க்கும் கிளினிக்கில் வேலை. இங்கே எழுதுவது மருத்துவமனைக்குப் போவதற்குப் பதில் அல்ல, போகும் வரைக்கும்.)

குமரன், நீங்கள் சொன்னதில் மூன்று தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் "நாக்கு வேலை செய்யவில்லை" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் மருந்து தவறிப்போகும்.

நாவடி எலும்பிலிருந்து வழுவழுப்பான குச்சி ஒன்று முன்னோக்கி நீண்டிருக்கும். அதைச் சுற்றிக் குழாயாக ஒரு தசை. இரண்டுக்கும் நடுவே கொலாஜன் உறைகள், ஒன்றுக்குள் ஒன்று. நாக்கு நுனி உதட்டுக்கு வந்து நிற்கிறது என்றீர்களே, அந்தக் கணத்தில் தசை சுருங்கி அந்தக் கொலாஜனை முறுக்கேற்றுகிறது. தசை குச்சியின் முனையைத் தாண்டி வழுக்கியதும் சேர்த்துவைத்த விசை மொத்தமும் விடுபடுகிறது. உண்டிவில்லில் ரப்பரை இழுப்பது ஒரு வேலை, விடுவது இன்னொரு வேலை, அது மாதிரி. வெறும் தசை வலுவால் அந்த வேகம் வராது என்று 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். திரும்ப உள்ளே இழுப்பதற்கு வேறொரு தசை, அது உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிடக்கும்.

இப்போது முருகேசுவுக்கு வருவோம். நாக்கு உதடு வரை வந்தும் பாயவில்லை, பாய்ந்தால் கிட்டத்தில் விழுகிறது என்றால் முறுக்கேற்றும் வேலையில் குறை. தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். கால்சியம் ரத்தத்தில் சேர டி3 வேண்டும். டி3 தோலில் உண்டாக யுவிபி வேண்டும். நீங்கள் தூவும் தூளிலோ டி3 இல்லை, குழலும் பழையது. நாக்கில் வலி இருந்தாலும் இதே போலத்தான் தயங்கும், அதனால் வாய்ப்புண்ணையும் பார்க்க வேண்டும்.

பட்டும் ஒட்டவில்லை என்பது வேறு கதை. நாக்கு நுனியில் சுரக்கும் கோழை மனித எச்சிலைவிட ஏறக்குறைய 400 மடங்கு கெட்டியானது, 2016இல் பெல்ஜியத்தில் அளந்தார்கள். இரை ஒட்டுவதே அந்தக் கோழையால்தான். அதைச் சுரக்கும் படலம் ஈரமாக, உயிரோடு இருக்க வைட்டமின் ஏ தேவை. ஏ குறைந்தால் அந்தப் படலம் தடித்து, தோல் போலக் காய்ந்துவிடும், சுரப்பிகளின் வாய் அடைபடும். உடம்பில் ஈரப்படலம் இருக்கும் எல்லா இடத்திலும் இது நடக்கும். கண் சுரப்பி அடைத்தால் இமை வீங்கும், கண் மூடும், கிளையில் தேய்க்கும். அதுதான் மூன்றாவது குறை. தண்ணீர் பற்றாக்குறையும் கோழையைக் கெடுக்கும், ஆரஞ்சு ஓரத்தை மறக்க வேண்டாம்.

கண்ணும் நாக்கும் சேர்ந்து கெட்டால் எனக்கு முதலில் சந்தேகம் வைட்டமின் ஏ மேல்தான். ஆனால் சந்தேகம் சந்தேகம்தான். எக்ஸ்ரே, ரத்தத்தில் அயனி நிலைக் கால்சியம், வாய்ப் பரிசோதனை, மூன்றும் ஆகட்டும். இந்த வாரத்துக்குள்.

கீரைக்கட்டு

நான் பச்சோந்தி வளர்ப்பவன் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம். படித்துக்கொண்டே வந்தேன். வைட்டமின் ஏ என்றால் நம்மிடம் இல்லாததா? கிரிக்கெட்டுக்கு முருங்கைக்கீரை போடுங்கள். கண் இடுக்கு என்றால் மாலைக்கண் மாதிரிதானே? அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஊற்றும் வைட்டமின் ஏ மருந்தில் ஒரே ஒரு சொட்டு நாக்கில் விட்டால் தீர்ந்தது. மீன் எண்ணெய் மாத்திரையைக் கத்தரித்தும் விடலாம்.

பல்லிடாக்டர்

கீரைக்கு என் ஓட்டு. சொட்டுக்கு இல்லவே இல்லை, ஐயா.

கணக்கைப் பாருங்கள். அந்த மருந்து ஒரு மில்லியில் 1 லட்சம் யூனிட். ஒன்பது மாதக் குழந்தைக்கு 1 லட்சம், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். குழந்தை பத்துக் கிலோ அளவில் இருக்கும். வளர்ந்த ஆண் ஏமன் பச்சோந்தி 100 முதல் 200 கிராம். மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்தால் ஒரு சொட்டில் 5,000 யூனிட். ஒரு கிராமுக்கு எவ்வளவு விழுகிறது என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவதைவிட அதிகமாக வரும்.

சி வைட்டமின் மாதிரி அதிகமானது சிறுநீரில் போய்விடாது, ஏ கல்லீரலில் தங்கும். ஊசி வழியாக ஏ அளவு மீறிய ஆமைகளுக்குத் தோல் கொப்புளித்துத் தாள் தாளாக உரிவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மீன் எண்ணெயில் ஏயோடு டியும் சேர்ந்து வருகிறது, எது எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. குறைந்தாலும் கண் வீங்கும், மிஞ்சினாலும் தோல் போகும். அதனால்தான் எடை போட்டு, அளந்து, மருத்துவர் கையால் என்கிறேன்.

ரவி_டெக்சஸ்

டாக்டரம்மா சொல்வதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பீட்டா கரோட்டின் பற்றி இங்கே எப்போதும் ஒரு சண்டை உண்டு, அதையும் பேசிவிடலாம்.

மனிதன் கேரட் தின்றால் உடம்பு அதை ஏவாக மாற்றிக்கொள்ளும், தேவைக்கு மேல் மாற்றாது, அதனால் ஆபத்தும் குறைவு. தூள் தயாரிப்பவர்களில் பலர் இந்த நியாயத்தைத்தான் பச்சோந்திக்கும் சொல்கிறார்கள். பூச்சி தின்னும் ஊர்வன பலவற்றில் இந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். என் பாந்தர் இனப் பச்சோந்திகள் மூன்று தலைமுறையாக இருக்கின்றன. தாய்க்கு ஏ குறைந்தால் முட்டைக்குள்ளேயே குறைந்து, பொரித்த குஞ்சு கண்ணைத் திறக்காமல் கிடக்கும். நான் உடம்பு மாற்ற வேண்டியில்லாத நேரடி ஏ, அதாவது ரெட்டினால், உள்ள தூளுக்கு மாறினேன், அந்தத் தொல்லை போயிற்று. ரெப்டிவைட்டில் ரெட்டினைல் அசிட்டேட் இருக்கிறது, ரெபாஷி கால்சியம் பிளஸ்ஸிலும் நேரடி ஏ உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, லேசான தூவல். பூச்சி வெள்ளை மாவில் புரண்டு எழுந்து வந்தால் அது தூவல் இல்லை, அபிஷேகம்.

டி3 பற்றி ஒரு சுவையான செய்தி. எங்கள் மாநிலத்தில் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தினர் 2009இல் பாந்தர்களை வைத்துக் காட்டியது: உணவில் டி3 குறைந்த பச்சோந்தி தானாகவே அதிக நேரம் யுவியில் போய் உட்காருகிறது, நிறைந்தது விலகிக்கொள்கிறது. அதனால் டி3யைப் பொறுத்தவரை நல்ல விளக்கும் நிழலும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் பாதிக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். ஏயில் அந்த வசதி இல்லை. குறைந்ததை அது எங்கே போய்த் தேடும்?

பல்லிடாக்டர்

ரவி சொன்னதில் ஒரு திருத்தம். பீட்டா கரோட்டினால் பயனே இல்லை என்று நான் எழுத மாட்டேன், எல்லா இனத்திலும் அளந்து பார்த்துச் சொன்ன முடிவு அல்ல அது. குறைபாட்டின் அறிகுறி தெரிந்த பிராணிக்கு அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, அவ்வளவே. கிரிக்கெட்டின் உடம்பில் ரெட்டினால் கிட்டத்தட்ட இல்லை. கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. காட்டில் பச்சோந்தி ஈ, தேனீ, வெட்டுக்கிளி, வண்டு, கிடைத்தால் சின்னப் பல்லி என்று கலந்து தின்கிறது. ஏமன் இனம் இலையையும் கடித்துத் தின்னும். நாம் ஒரே பூச்சியைப் போட்டுவிட்டுத் தூளில் சரிக்கட்டப் பார்க்கிறோம்.

ஹரோ_வாசுகி

எல்லாரும் வைட்டமின் பக்கமே சாய்கிறீர்கள், அதனால் மறுபக்கத்தை எழுதுகிறேன். என்னுடைய பாந்தருக்கும் நாக்குப் போனது. வைட்டமின் எல்லாம் சரி, விளக்கும் புதிது. வலைச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது, இவன் உள்ளேயிருந்து அடித்தான். நுனி வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. பயந்து பின்னால் இழுத்தான். நான் வரும்போது நாக்கு வாய்க்கு வெளியே தாடைக்குக் கீழே ஊதித் தொங்குகிறது, அதன்மேல் கூண்டு மண் ஒட்டியிருக்கிறது.

தண்ணீரில் நனைத்த காஸ் துணியைச் சுற்றி, காய விடாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உள்ளே தள்ளவும் இழுக்கவும் கூடாது என்று போனிலேயே சொன்னார்கள். கடைசியில் நுனியை வெட்ட வேண்டியதாயிற்று. இப்போது கிண்ணத்தில் தலையை விட்டுத் தாடையால் கவ்வித் தின்கிறான், எடை குறையவில்லை. வெளிப்பக்க வலைக்கு மேல் இரண்டாவது வலை ஒன்று இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று, குளிர். ஃப்ளோரிடாவில் 2010இல் ஏமன் பச்சோந்திகளை வைத்து வெவ்வேறு வெப்பத்தில் அடிக்கவிட்டு அளந்தார்கள். பத்து டிகிரி இறங்கினால் நாக்கு வெளியே பாயும் வேகம் 10 முதல் 19 சதவீதம்தான் குறைகிறது. உள்ளே இழுப்பது 42 சதவீதத்துக்கு மேல் விழுகிறது. காலையில் உடம்பு சூடேறும் முன் பூச்சியை விட்டால் நாக்கு போகும், வர நேரமாகும். அந்த இடைவெளியில் கிளையிலோ வலையிலோ உரசிக்கொள்ளும். குமரன், காலையில் எத்தனை மணிக்குத் தீனி?

குமரன்_ஸ்காபரோ

நான் வேலைக்குப் போக முன்னம், விளக்கு போட்ட கையோடு. இனி பத்து மணிக்கு மேல் அம்மாவைப் போடச் சொல்கிறேன். அவவுக்கு கிரிக்கெட் என்றால் பயம், அது வேற பிரச்சினை.

மருத்துவரிடம் நேரம் எடுத்துவிட்டேன்.

கீரைக்கட்டு

எங்கள் வேலியில் பச்சோந்தி வரும். மெதுவாக ஆடி ஆடி நடக்கும். அதைப் பிடித்து ஒரு வலைக்கூண்டில் வைத்தால் இத்தனை விளக்கும் தூளும் தேவைப்படாதே, நம்மூர் வெயில் இருக்கிறதே?

ரவி_டெக்சஸ்

வேண்டாம் ஐயா, அது நம் நாட்டுப் பச்சோந்தி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது, பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வேலியிலேயே இருக்கட்டும், உங்கள் வெட்டுக்கிளியைத் தின்னும். வெளிநாட்டு இனம் என்றாலும் இந்தியாவில் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். சிங்கப்பூரில் இருந்து படிப்பவர்கள் இருந்தால் உங்களுக்கும்: அங்கே செல்லமாக வளர்க்க அனுமதி உள்ள ஊர்வன இரண்டு ஆமை இனங்கள் மட்டும், பச்சோந்தி அந்தப் பட்டியலில் இல்லை.

குமரன்_ஸ்காபரோ

போய் வந்தோம். எல்லாரும் கேட்டிருந்தபடியால் விவரமாக எழுதுகிறேன்.

எலும்பு முறிவு இல்லை, நாவடி எலும்பும் வளையவில்லை. அயனிக் கால்சியம் கீழ் எல்லையில் நிற்கிறது. டொக்டர் மெல்லிய ரப்பர் கரண்டியால் வாயைத் திறந்து காட்டினார். உதட்டின் உள்விளிம்பில் வெள்ளையாகத் தடித்த ஓரம், நாக்கு நுனியில் ஈரமே இல்லாத ஒரு திட்டு, அதன் பக்கத்தில் சிவந்த புண். கண்ணுக்குள் இருந்து சீஸ் போன்ற கட்டியைக் கழுவி எடுத்தார். வைட்டமின் ஏ குறைபாடு, அதன்மேல் ஏறிய வாய்த்தொற்று, கூடவே டி3 போதாமை என்றார். முருகேசு முழு நேரமும் கறுத்துப்போய்ச் சீறிக்கொண்டே இருந்தார். பில்லைப் பார்த்து நானும்.

வைட்டமின் ஏயை அவரே எடைக்கு அளந்து வாய்வழி கொடுத்தார், அடுத்தது அவர் சொன்ன பிறகுதான். வீட்டுக்குக் கால்சியம் சிரப்பும் நுண்ணுயிர்க்கொல்லியும். குழலை மாற்றிவிட்டேன். தூளை ரவி அண்ணா சொன்ன வகைக்கு மாற்றினேன். கிரிக்கெட்டுக்கு இப்ப கடுகுக்கீரை, வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி), தமிழ்க்கடையில் கிடைக்கும்போது முருங்கையிலை. இரவில் தண்ணீர் தெளிப்பை நீட்டி, பகலில் சொட்டுக்குழாயும் வைத்தேன்.

இப்போது கண் இரண்டும் திறந்திருக்கிறது. நாக்கு முந்தின தூரத்தில் பாதிக்குப் போகிறது, பட்டால் ஒட்டுகிறது. கிண்ணத்தில் பிடித்துக் கொடுத்தால் நன்றாகச் சாப்பிடுகிறார். என் கேள்வி: கிண்ணத்தை நிறுத்தினால்தான் நாக்குக்குப் பயிற்சி என்று ஒருவர் சொல்கிறார். பட்டினி போட்டால் அடிப்பாரா?

பல்லிடாக்டர்

பட்டினி போடாதீர்கள். அடித்து அடித்து ஏமாந்தால் சில பச்சோந்திகள் முயற்சியையே விட்டுவிடும். புண் ஆறும் வரை நாக்குக்கு ஓய்வுதான் மருந்து.

கிண்ணம் வெளிர்நிறமாக, ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும், பூச்சி கறுப்பாகத் தெரியும். முதலில் மூக்குக்குக் கிட்டே பிடியுங்கள். ஒட்டுவது தவறாமல் நடக்கிறது என்றானதும் சிறிது சிறிதாகத் தள்ளிப் பிடியுங்கள். அடிப்பதற்கு முன் தயங்கினால் பழைய தூரத்துக்கே வந்துவிடுங்கள். சூப்பர்வார்ம் இப்போதைக்கு வேண்டாம், கெட்டித்தோல், கிளையைப் பிடித்துக்கொண்டு நாக்கோடு இழுபறி செய்யும். மென்மையான பட்டுப்புழு கிடைத்தால் நல்லது. இரும்புச் சாமணத்தால் ஊட்ட வேண்டாம், நாக்கு சாமணத்தின் மேல் அடித்துவிடும்.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். கண்ணும் எடையும் சரியாகி, கால்சியமும் ஏறிய பிறகும் நாக்கு பாதித் தூரத்திலேயே நின்றால், நாக்கை உள்ளே இழுக்கும் தசையில் பழைய சுளுக்கு இருக்கிறதா என்று அப்போது மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஹரோ_வாசுகி

கிண்ணத்தின் உள்சுவரில் ஒரு துண்டு பிளாஸ்டிக் வலையை ஒட்டிவிடுங்கள் குமரன். பூச்சி அதில் ஏறி நிற்கும், அடியில் ஒளியாது. அம்மாவும் மூடியோடு கொண்டுபோய் வைத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் தள்ளி நின்றுகொள்ளலாம்.

குமரன்_ஸ்காபரோ

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மூடி திறக்கும் வேலையும் எனக்குத்தானாம்.